கூலியும் சேர்ந்த விலை

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறாள் என் தோழி. அரையாண்டுத் தேர்வு முடிகிற சமயத்தில் அங்கே கிறிஸ்துமஸ் விற்பனை வைப்பார்கள். பிள்ளைகள் தாங்களே செய்த பொருள்களை விற்று நிதி திரட்டுவார்கள். "ஒரு தடவை வந்து பாரேன், உனக்கு எழுத நிறைய இருக்கு" என்று போன வருஷமே சொல்லியிருந்தாள். மதுரையில் செங்கோட்டை ரயிலில் ஏறினால் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டிச் சங்கரன்கோவில் வந்துவிடும். நான் அந்த வழியில் போகவில்லை. முதலில் நாகர்கோவில் போய், அங்கிருந்து பஸ் மாறி மாறி வடக்கே ஏறி வந்தேன். பள்ளிக்கூடத்துப் பெண் பிள்ளைகள் கையால் செய்ததை விற்று, அந்தப் பணத்தில் பள்ளிக்கூடத்துக்கே தோள் கொடுத்த கதை, தமிழகத்தின் இந்தத் தென்கோடியில் இருநூறு வருஷத்துக்கு முன் நாகர்கோவிலில்தான் தொடங்குகிறது. அதைப் பார்த்துவிட்டுப் போனால் சங்கரன்கோவில் மேசைகளுக்கு முன்னால் இன்னும் கொஞ்சம் விவரத்தோடு நிற்கலாம் என்று தோன்றியது.

டிசம்பரில் நாகர்கோவிலில் வாசல்தோறும் நட்சத்திரம் தொங்கும். வடகிழக்குப் பருவமழையின் மிச்சம் ஓடுகளில் சொட்டிக்கொண்டிருக்க, தெருமுனைகளில் இளைஞர்கள் குடிலுக்கு வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தார்கள். டதி பெண்கள் பள்ளி தன் தொடக்கத்தை 1819-லிருந்து கணக்கிடுகிறது. அந்த வருஷக் கடைசியில்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தாவும் இங்கே வந்து சேர்ந்தார்கள். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்ப அப்போது யாரும் தயாராக இல்லை. அனுப்பினாலும் சோறும் துணியும் பள்ளிதான் கொடுக்க வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். மார்த்தா மால்ட் 1820-களின் தொடக்கத்தில் பிள்ளைகளுக்கு ரேந்தை, அதாவது லேஸ், பின்னக் கற்றுக்கொடுத்தார். காலையில் பாடம், பிறகு பின்னல். பின்னியது ஐரோப்பியக் குடும்பங்களுக்கு விற்கப்பட்டது. அந்த வருமானம் பள்ளிக்கு வந்தது.

இந்த வேலையை அருகிலிருந்து பார்க்காமல் அதன் கனம் தெரியாது. முளகுமூட்டுப் பக்கம் ஒரு வீட்டில் ஓர் அக்கா பின்னிக் காட்டினார். முளகுமூட்டிலும் இதே தொழிலுக்கு நெடிய வரலாறு உண்டு. 1897-இல் பெல்ஜியத்திலிருந்து வந்த மரி லூயிஸ் தெ மீஸ்டர் என்ற துறவி அங்கே ஆதரவற்ற பிள்ளைகளையும் பெண்களையும் சேர்த்து நடத்திய இல்லத்தில் ரேந்தையும் எம்பிராய்டரியும் வளர்ந்தன. அக்காவின் மடியில் இறுகத் திணித்த உருளைத் தலையணை. அதன்மேல் துளையிட்ட அட்டை. துளைதோறும் குண்டூசி. நூல் சுற்றிய சின்னக் கட்டைகள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. ஒன்றைத் தாண்டி ஒன்றைப் போடுவது, பிறகு முறுக்குவது, இந்த இரண்டு அசைவுதான் முழுத் தொழிலும். எந்த ஜோடியை எப்போது எடுப்பது என்பதில்தான் பூவும் இலையும் வலையும் வருகின்றன. கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. நான் அங்கே இருந்த நேரம் முழுக்கப் பின்னியும், வந்தது விரல்நுனி அகலம்தான். "கண்ணு போயிரும்மா இதுல" என்றார் அக்கா, தலை நிமிராமல்.

பத்துப் பன்னிரண்டு வயதுப் பெண்கள் இதை மணிக்கணக்கில் செய்திருக்கிறார்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை 1855-இல்தான் முழுதாக ஒழிந்தது. அதற்கு முன்பே, ரேந்தை விற்ற காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே விலைக்கு வாங்கிய பெண்கள் நாகர்கோவில் பள்ளியில் இருந்தார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. தமிழ்நாட்டுப் பெண் கல்வியைப் பற்றிப் பேசும் மேடைகளில் இது முதலில் சொல்லப்பட வேண்டிய செய்தி. நாம் பெரும்பாலும் பள்ளியைத் தொடங்கிய அம்மையாரின் பெயரைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பின்னிய பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

கிடைத்தாலும் அவை அவர்கள் வீட்டில் வைத்த பெயர்களாக இருக்குமா என்பது சந்தேகம்தான். இங்கிலாந்தில் யாராவது ஒருவர் ஒரு பிள்ளையின் வருஷச் செலவை ஏற்றுக்கொண்டால், தான் விரும்பிய பெயரை அந்தப் பிள்ளைக்கு வைக்கச் சொல்லலாம். அப்படியொரு வழக்கம் அன்றைய மிஷன் விடுதிகளில் இருந்தது. காசு அனுப்பியவர் எங்கோ இருக்க, அவர் சொன்ன பெயர் இங்கே ஒரு சிறுமியின் மேல் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். அதே சிறுமி பகல் முழுக்கப் பின்னித் தன் சாப்பாட்டுக்கு ஒரு பங்கைச் சம்பாதித்துக்கொண்டும் இருந்திருப்பாள். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்ற கணக்கு அங்கே தலைகீழாக எழுதப்பட்டிருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து வடக்கே வரும்போது இந்த எண்ணம்தான் என்னோடு வந்தது.

மால்ட் தம்பதியின் மகள் எலைசா நாகர்கோவிலில் 1822-இல் பிறந்தவர். இந்த மண்ணின் பேச்சுத் தமிழ் அவருக்குத் தாய்மொழி மாதிரி. 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குப் போனார். திசையன்விளைப் பக்கம், தேரிக்காட்டுச் செம்மணலும் பனையும் சூழ்ந்த ஊர். கால்டுவெல்லின் ஒப்பிலக்கண நூல் 1856-இல் வந்ததும், அவர் கட்டிய கோயில் 1880-இல் திறக்கப்பட்டதும், அவருடைய வீடு இன்று அரசு நினைவில்லமாக இருப்பதும் எல்லோரும் அறிந்தவை. எலைசா அங்கே பெண்களுக்கு விடுதிப் பள்ளி தொடங்கி, அம்மாவிடம் கற்ற ரேந்தையை அந்த ஊர்ப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தார். பனையேறும் குடும்பங்களுக்கு வருமானம் பதநீர்க் காலத்தோடு முடிந்துவிடும். ஓலைப் பெட்டி முடைவதைத் தவிர மற்ற மாதங்களில் பெண்கள் கைக்குக் காசு வர வழியில்லாத ஊரில், நூலும் குண்டூசியும் எவ்வளவு பெரிய வாசலைத் திறந்திருக்கும்! நினைவில்லத்தில் நின்றிருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் சிலர் சுற்றுலா வந்தார்கள். கால்டுவெல் சிலையோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எலைசாவைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம் அவர்களை அழைத்து வந்தவர்கள்.

பாளையங்கோட்டையில் ஓர் இரவு தங்கினேன். முருகன்குறிச்சிப் பக்கம் கடைகளில் மின்சார நட்சத்திரங்கள் வரிசையாக மினுங்கின. சாரா டக்கர் கல்லூரியின் பெயர் இந்த ஊர்க்காரர்களுக்கு மனப்பாடம். அந்தப் பெண்மணி இந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை என்பது பலருக்குத் தெரியாது. சென்னையில் மிஷன் செயலாளராக இருந்த உடன்பிறந்தவர் எழுதிய கடிதங்கள் வழியாகத்தான் அவர் திருநெல்வேலிப் பெண்களின் நிலையை அறிந்தார். இங்கிலாந்தில் இருந்தபடியே தோழியரோடு சேர்ந்து பணம் திரட்டினார். அவர் 1857-இல் இறந்த பிறகு தோழியர் அவர் நினைவாக நிதி சேர்த்து அனுப்ப, அடுத்த வருஷம் அவர் பெயரில் இங்கே நிறுவனம் எழுந்தது. கல்லூரி ஆனது 1895-இல். அந்தக் காலத்து இங்கிலாந்துப் பெண்கள் ஊர் ஊருக்குக் கைவேலைச் சந்தை நடத்தினார்கள். ஊசிக்குத்தி, பர்ஸ், குழந்தைச் சட்டை என்று தைத்து விற்றார்கள். கீழை நாடுகளில் பெண் கல்விக்கென்று 1834-இல் லண்டனில் தொடங்கிய ஒரு சங்கம், அப்படித் தைத்த பொருள்களைப் பெட்டி பெட்டியாக இந்தியாவுக்கே அனுப்பி, இங்குள்ள ஐரோப்பியர்களிடம் விற்று, அந்தப் பணத்தில் பெண்கள் பள்ளிகளை நடத்தியது. நம் பள்ளிகளில் இன்று நடக்கும் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு ஒரு கால் அந்தப் பெட்டிகளில் இருக்கிறது.

இன்னொரு கால் நம்முடையது. திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் யாரையும் எதிர்பார்க்காமல் தங்கள் கையிலிருந்து கொடுத்துப் பழகியவர்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் அசரியா 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுப் பணம் இல்லாமல் இன்று தெலங்கானாவில் இருக்கும் தோர்னக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு கைப்பிடியைத் தனிப்பானையில் போட்டுவைக்கும் பெண்களின் கைப்பிடி அரிசிக் காணிக்கை இந்த வட்டாரத்தில் இன்றும் உண்டு. அறுப்பின் பண்டிகையில் வீட்டில் விளைந்ததையும் கையால் செய்ததையும் கோயிலுக்குக் கொண்டுவந்து ஏலம் விடுவார்கள். ஒரு பூசணிக்காய் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். எடுத்தவர் அதையே திருப்பிக் கொடுத்து மறுபடி ஏலம் விடச் சொல்வார். கூட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும், காய்க்கு இவ்வளவு, மீதி காணிக்கை என்று. அங்கே குழப்பம் இல்லை. பிள்ளைகளின் விற்பனை மேசையில்தான் குழப்பம் வருகிறது. வாங்குகிறவர் பொருளை வாங்குகிறாரா, தானம் பண்ணுகிறாரா?

பாளையங்கோட்டையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு மானூர், தேவர்குளம், பனவடலிசத்திரம் வழியாகப் பஸ். மானூரைத் தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்குகிறது. மழை பெய்து ஓய்ந்த கரிசலில் உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் நின்றன. தூரத்தில் காற்றாலைகள். மேற்கே மலை மேகத்துக்குள் இருந்தது. ஓடைக்கரைகளில் பனை.

ஜன்னலோரத்தில் உட்கார்ந்து என் பள்ளிக்காலத்து நிதி திரட்டலை நினைத்துக்கொண்டு வந்தேன். டிசம்பர் 7 கொடிநாளுக்கு உண்டியலும் குட்டிக் கொடிகளும் தருவார்கள். காந்தி ஜெயந்திக்குப் பிறகு காசநோய் வில்லைகள் வரும். அந்த வில்லைக்கும் கிறிஸ்துமஸுக்கும் உள்ள உறவு அப்போது எங்களுக்குத் தெரியாது. டென்மார்க்கில் ஐனார் ஹோல்பல் என்ற தபால் ஊழியர், கிறிஸ்துமஸ் கடிதங்களின் மேல் ஒட்டிக்கொள்ள ஒரு வில்லை அச்சிட்டு விற்று, காசநோய் கண்ட பிள்ளைகளுக்கு மருத்துவமனை கட்டலாம் என்று 1904-இல் தொடங்கியது உலகெங்கும் பரவி, எங்கள் வகுப்பு வரை வந்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் எங்களுக்கு அந்தப் பொருளோடு எந்த உறவும் இல்லை. நாங்கள் செய்ததில்லை, விலை வைத்ததில்லை, பணம் எங்கே போனது என்று கேட்டதுமில்லை. விற்காத வில்லைகளுக்குப் பெரும்பாலும் அப்பாதான் காசு கொடுத்தார். பிள்ளைகளை நடுவில் நிறுத்திப் பெற்றோரிடம் வசூல் செய்யும் வழி அது. இன்றும் பல பள்ளிகளில் கிறிஸ்துமஸ் மேசை இப்படித்தான் நடக்கிறது. கடையில் மொத்த விலைக்கு வாங்கிய பிளாஸ்டிக் மணிகளுக்கு மேல் இருபது ரூபாய் வைத்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

சங்கரன்கோவிலில் இறங்கியதும் கோயிலுக்குப் போனேன். சங்கரலிங்கம், சங்கரநாராயணர், கோமதியம்மன் மூன்று சன்னிதியும் பார்த்துப் புற்றுமண் வாங்கிக்கொண்டேன். மார்கழிக் கூட்டம். வாசல் கடைகளில் பாம்பும் தேளும் பதித்த சின்னத் தகடுகள் குவிந்து கிடந்தன. வீட்டில் விஷ ஜந்து வராமல் இருக்க அந்த உருவை வாங்கி உண்டியலில் போடுவார்கள். உப்பும் மிளகும் கொட்டுவார்கள். கடைக்கார அண்ணாச்சியிடம் யாரும் தகட்டுக்குப் பேரம் பேசவில்லை என்பதைக் கவனித்தேன். பூக்கடையில் மட்டும் பேரம் உச்சத்தில் இருந்தது. பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்துவிடும், விலை ஏறிவிடும்.

கோயிலைத் தாண்டித் தெருக்களுக்குள் நுழைந்தால் தறிச்சத்தம். சங்கரன்கோவிலின் காட்டன் சேலைகள் இந்த விசைத்தறிகளில் நெய்யப்படுகின்றன. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம், பேச்சுவார்த்தை, மறுபடி தறி ஓடும். இந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் கூலி என்றால் என்னவென்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்பா தறியில் நிற்பார், அம்மா தார் சுற்றுவாள், பாட்டி சேலை மடிப்பாள். இரவுச் சாப்பாட்டில் பேச்சே அதுதான்.

பள்ளியின் வராந்தாவில் பெஞ்சுகளை ஒட்டிப்போட்டுச் சேலைகளை விரித்திருந்தார்கள். ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை பிள்ளைகள். பலதரப்பட்ட வீடுகள். நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஒரு பையன் தேவதைக்குச் சிறகு ஒட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் முக்காடிட்ட ஒரு பெண் நட்சத்திரத்துக்கு வால் கட்டிக்கொண்டிருந்தாள். பொருள்களைப் பார்த்ததும் எனக்கு மனது நிறைந்துபோனது. கடைப்பொருள் ஒன்றுமில்லை. எல்லாம் அந்த ஊரின் தறிக்கூடத்திலிருந்து வந்தது. நூல் தீர்ந்த காகிதக் கோன்களைக் கவிழ்த்துவைத்தால் கிறிஸ்துமஸ் மரம். அதற்குப் பச்சைக் கழிவு நூலை அடியிலிருந்து நெருக்கமாகச் சுற்றியிருந்தார்கள். அதே கோனுக்கு மேலே ஒரு மரமணியைத் தலையாக வைத்து, சேலை ஓரத் துண்டில் அங்கி உடுத்தி, சிறகு ஒட்டினால் தேவதை. ஓட்டை விழுந்து ஒதுக்கிய சேலைத் துண்டுகளில் பைகள். உடைந்த தார்க்குச்சிகளை அடுக்கிப் பேனா தாங்கி. பனவடலிசத்திரம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பிள்ளை, பாட்டியிடம் கற்றுக் குருத்தோலையில் சின்னச் சின்னக் கொட்டான்கள் முடைந்து உள்ளே கடலைமிட்டாய் போட்டு வைத்திருந்தாள்.

ஒரு தேவதையைக் கையில் எடுத்தேன். அங்கியின் கரை, சேலையில் இருக்கும் அதே மஞ்சள் பேட்டு. மடிப்புகளைச் சீராக வைத்துப் பின்புறம் மறைதையல் போட்டிருந்தார்கள். தையல் ஒரே அளவாக வரவில்லை. முதல் பாதி நெருக்கம், பிறகு தளர்ந்து, மறுபடி நெருக்கம். யாரோ நடுவில் களைத்துப்போய், கடைசியில் சுதாரித்திருக்கிறார்கள். அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் விலை எழுதி ஒட்டியிருந்தது: பொருள் 6, கூலி 30, பள்ளி நிதி 4, மொத்தம் 40.

இப்படி ஒரு விலைச்சீட்டை நான் எந்தப் பள்ளி விற்பனையிலும் பார்த்ததில்லை. தோழியைக் கேட்டேன். ஏழாம் வகுப்பில் ஒரு பெண் தொடங்கிவைத்தது என்றாள். போன வருஷம் எல்லாப் பொருளுக்கும் ஆசிரியர்களே குத்துமதிப்பாகப் பத்து, இருபது என்று விலை போட்டிருக்கிறார்கள். "நாங்க செஞ்சதுக்குக் கூலி போடலியே மிஸ்?" என்று அவள் கேட்டிருக்கிறாள். அப்பா தறிக்காரர். அந்தக் கேள்வி இந்த வருஷக் கணக்குப் பாடமாகவே ஆகிவிட்டது. அம்மாக்கள் தார் சுற்றினால், சேலை மடித்தால் மணிக்கு என்ன விழுகிறது என்று ஒவ்வொருவரும் வீட்டில் விசாரித்து வந்தார்கள். பேசிப் பேசி மணிக்கு நாற்பது ரூபாய் என்று முடிவு செய்தார்கள். ஒரு தேவதைக்கு முக்கால் மணி நேரம், ஆகவே முப்பது.

அந்தப் பெண்ணே மேசைக்குப் பின்னால் இருந்தாள். பார்க்க வந்த ஓர் அம்மா தேவதையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோன் சும்மா கெடைக்கறதுதானே, இருபதுக்குத் தா" என்றார்.

"கோன் சும்மாதான் அத்தை கெடச்சுது. அதுக்குத் துட்டே போடலை பாருங்க. செய்யதுக்குத்தான் முக்கா மணி நேரம் ஆச்சு."

"பள்ளிக்கூடத்துல செஞ்சதுக்கு எல்லாமா கூலி கேப்பாவ?"

"கேக்கலை அத்தை. அதை நாங்க குடுத்துட்டோம்."

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. எனக்கும் உடனே புரியவில்லை. கரும்பலகையைக் காட்டினாள். மூன்று பத்திகள் வரைந்திருந்தார்கள். முதல் பத்தியில் பசைக்கும் மணிக்கும் ஆன செலவு. இரண்டாவதில் கூலி. அதன் தலைப்பில் "செய்தவர் நன்கொடை" என்று எழுதி, கீழே வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளின் பெயர்களும் ஒவ்வொருவரின் நேரமும். மூன்றாவதில் பள்ளி நிதிக்கான மீதி. ஆக, வாங்குகிறவர் கொடுப்பது விலை. அதற்கு ஈடான பொருள் அவர் கைக்கு வந்துவிடுகிறது, அவர் யாருக்கும் தானம் செய்யவில்லை. நிதிக்குக் கொடுத்தவர்கள், தங்கள் நேரத்தை விட்டுக்கொடுத்த பிள்ளைகள். அவர்கள் பெயர் பலகையில் இருக்கிறது.

நாகர்கோவிலில் பின்னிய பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்காததை அந்தப் பலகைக்கு முன் நின்று நினைத்தேன். அவர்கள் கணக்கும் இப்படி எழுதப்பட்டிருந்தால் அந்தப் பள்ளியின் முதல் நன்கொடையாளர் பட்டியலில் யார் இருந்திருப்பார்கள்? அமெரிக்காவில் எட்னா ரூத் பைலர் என்ற பெண்மணி 1946-இல் போர்ட்டோ ரிக்கோ பெண்களின் எம்பிராய்டரியைத் தன் காரில் ஏற்றிப்போய் ஊர் ஊராக விற்கத் தொடங்கினார். இரக்கப்பட்டு வாங்குங்கள் என்று அவர் கேட்கவில்லை. செய்தவளுக்கு நியாயமான கூலி விலைக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வழி. நியாய வணிகம் என்று இன்று உலகம் பேசுவதன் வேர்களில் ஒன்று அது. அந்த இடத்துக்கு, ஒரு நெசவாளர் ஊரின் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, வீட்டுப் பேச்சைக் கேட்டே வந்து சேர்ந்திருக்கிறாள்.

பிள்ளைகளைக் கொண்டு பொருள் செய்து விற்பதில் எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. சங்கரன்கோவிலிலிருந்து சிவகாசி தூரமில்லை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் குழந்தைக் கைகளைப் பழக்கிய வட்டாரம் இது. 1986-இல் சட்டம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விலக எத்தனை வருஷம், எத்தனை பேரின் போராட்டம்! நல்ல காரியத்துக்கு என்று சொல்லி மாலையும் விடுமுறையும் பிள்ளைகளை உட்காரவைத்தால் அதுவும் வேலை வாங்குவதுதான். இதைத் தோழியிடம் கேட்டேன். கைத்தொழில் பீரியடில் மட்டும்தான் செய்ய வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். கொண்டுபோனால் அம்மாக்கள் உட்கார்ந்து செய்துவிடுவார்கள், பிறகு கூலி யாருக்கு என்று இன்னொரு கேள்வி வரும் என்றாள். எத்தனை பொருள் என்று இலக்கு கிடையாது. செய்ய விருப்பமில்லாதவர்கள் கணக்கு எழுதலாம், மேசையில் நிற்கலாம், இரண்டும் வேண்டாம் என்றால் வேண்டாம். பெயர்ப்பட்டியலில் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து எந்தப் பிள்ளையும் கூசக் கூடாது என்று, மேசையில் நின்ற நேரத்தையும் கணக்கு எழுதிய நேரத்தையும் அதே விலையில் சேர்த்திருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது. இவ்வளவு யோசிக்காமல் இந்த மாதிரி விற்பனையை வைக்கக் கூடாது.

பணத்தை எதற்குச் செலவழிப்பது என்பதையும் வகுப்புகளே முடிவு செய்திருந்தன. பள்ளிக்கு மைக் செட் வாங்கலாம் என்று பெரியவர்களுக்கு ஓர் எண்ணம் இருந்திருக்கிறது. பிள்ளைகள் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. கண் பரிசோதனை முகாமில் கண்ணாடி எழுதிக்கொடுத்தும் வாங்கிப் போடாத சிலர் வகுப்புகளில் இருக்கிறார்கள், முதல் பெஞ்சுக்கு மாறி உட்கார்ந்து சமாளிக்கிறார்கள், அவர்களுக்குக் கண்ணாடி என்று ஒன்பதாம் வகுப்பு சொன்னது, அது நின்றது. யாருக்கு என்ற பெயர் மட்டும் பலகையில் வராது. கொடுத்தவர் பெயரை எழுதி, பெற்றவர் பெயரை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பிள்ளைகளில் ஒருவர் கேட்டுக்கொண்டதாகத் தோழி சொன்னாள்.

நான் இரண்டு தேவதையும் ஒரு பையும் ஒரு கொட்டானும் வாங்கினேன். நூற்றைம்பது ரூபாய் வேலைக்கு இருநூறு ரூபாய்த் தாளை நீட்டி, மீதியை வைத்துக்கொள் என்று சொல்ல வாய் வந்தது. பலகையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தேன். மீதி ஐம்பதைப் பத்து ரூபாய்த் தாள்களாக எண்ணிக் கொடுத்து, சீட்டு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தந்தாள்.

நாலு மணியைத் தாண்டியதும் கூட்டம் குறைந்தது. மேசையில் இன்னும் கொஞ்சம் மரங்களும் தேவதைகளும் இருந்தன. ஓர் ஆசிரியர் வந்து, "எல்லாத்தையும் பாதி விலைன்னு போட்டுருங்க, போயிரும்" என்றார். எட்டாம் வகுப்புப் பையன்கள் சரி என்றார்கள். ஏழாம் வகுப்பு எதிர்த்தது. ஐந்து நிமிஷம் வராந்தாவில் ஒரே சத்தம். பாதி விலையென்றால் யாருடைய கூலியைக் குறைப்பது, காலையிலேயே விற்றுப்போனவர்களுக்கு முழுக் கூலியும் இவர்களுக்குப் பாதியுமா, அவர்கள் செய்தது மட்டும் மட்டமா என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு பையன் சமாதானத்துக்கு வந்தான். பள்ளி நிதி நாலு ரூபாயை வேண்டுமானால் விடலாம், கூலியில் கைவைக்க வேண்டாம். அப்படியென்றால் முப்பத்தாறு. சில்லறைக்குச் சிரமம் என்று ஒருத்தி. முப்பத்தாறுதான் என்று முடிவாகி, பழைய சீட்டில் நாலை அடித்து எழுத உட்கார்ந்தார்கள். அதிலும் விற்காதவை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் அதே முப்பத்தாறுக்கு. அதற்கு வரும் பிள்ளைகளின் நேரத்தைக் கூலிப் பத்தியில் சேர்ப்பதா, பஸ்ஸுக்கு ஆகும் காசைப் பொருள் செலவில் எழுதுவதா என்பதைப் பற்றி, நான் கிளம்பும்போது கணக்கு நோட்டைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.